துருப்பிடிக்காத டேங்க் என்றொரு நம்பிக்கை

சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்கப் போகிறவருக்கு ஊரே சேர்ந்து சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. “எந்தக் கம்பெனியா வேணா இருக்கட்டும், உள்டேங்க் மட்டும் எஸ்.எஸ்.ஸா பார்த்து வாங்கிடுங்க.” பிளம்பர் சொல்வார், மேஸ்திரி சொல்வார், போன வருடம் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். கடைக்காரர் மேசை டிராயரைத் திறந்து ஒரு காந்தத்தை எடுப்பார். மாதிரிக்கு வைத்திருக்கும் வெட்டுத் தகட்டில் அதை ஒட்டிக் காட்டுவார். ஒட்டாமல் வழுக்கி விழும். “பார்த்தீங்களா, அசல் 304. நூறு வருசம் ஆனாலும் துரு ஏறாதுங்க.” அதே கடையில் ஓரமாக நிற்கும் எனாமல் பூசிய டேங்கைக் காட்டிக் கேட்டால், “அது இரும்புங்க, உங்களுக்கு வேண்டாம்” என்று பேச்சை முடித்துவிடுவார்.

கோவை, திருப்பூர், ஈரோடு, சென்னை என்று எங்கே போனாலும் இதே பாட்டுத்தான். இது தவறு என்பது என் கட்சி. கோவைக்கு வரும் உப்பற்ற சிறுவாணித் தண்ணீர் மட்டும் ஏறும் டேங்குக்கு எஸ்.எஸ்., அதாவது எவர்சில்வர், 304 வகையே தாராளமாகப் போதும். அங்கே எனக்குச் சண்டையே இல்லை. ஆயிரம் அடி துளைத்து எடுக்கும் போர் தண்ணீரை அரை மில்லிமீட்டர் எஸ்.எஸ். தகட்டுக்குள் அடைத்து, 60, 70 டிகிரிக்குச் சூடாக்கி, வருடம் முழுக்க வைத்திருக்கிறோமே, அந்த வேலைக்கு அந்த உலோகம் பொருந்தாது. கடைக்காரர் ஓரங்கட்டிய இரும்பு டேங்க்தான், ஒழுங்காகச் செய்து ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால், அந்தத் தண்ணீரில் அதிக நாள் உழைக்கும்.

முதலில் அந்தக் காந்தம். 304 வகைத் தகட்டில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். நிக்கல் விலை கூடுதல். அதைக் குறைத்து, அந்த இடத்தில் மாங்கனீசைச் சேர்த்து 201, 202 என்று 200 வரிசைத் தகடுகள் செய்கிறார்கள். விலை குறைவு, பளபளப்பு அதே, அரிப்பைத் தாங்கும் சக்தி குறைவு. அதன்மேலும் காந்தம் ஒட்டாது! சாதா இரும்பையும், 430 போன்ற நிக்கல் இல்லாத வகையையும் மட்டும்தான் காந்தம் காட்டிக்கொடுக்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு: அசல் 304 தகட்டை வளைத்தோ துளைபோட்டோ விட்டால் அந்த இடத்தில் லேசாகக் காந்தம் ஒட்டும். நல்ல தகட்டைச் சந்தேகப்படவும் மட்டத் தகட்டை நம்பவும் வைக்கிற ஒரு கருவியைத்தான் கடைக்குக் கடை டிராயரில் வைத்திருக்கிறார்கள். மாங்கனீசு வகையைக் கண்டுபிடிக்க ஒரு சொட்டு ரசாயனத்தை விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. பழைய எஸ்.எஸ். வாங்கும் வியாபாரிக்கு அது தெரியும். புது டேங்க் விற்கிறவர் ஏனோ அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

போலித் தகட்டையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் விஷயம் கைநழுவிவிடும். தகடு சேலம் உருக்காலையில் உருட்டிய அசல் 304 ஆகவே இருக்கட்டும். எஸ்.எஸ். துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல்பரப்பில் தானாகப் படியும் குரோமியம் ஆக்சைடு படலத்தால். அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். கீறல் விழுந்தால் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மறுபடியும் மூடிக்கொள்ளும். கெட்டிக்காரப் படலம். ஆனால் குளோரைடு வந்தால் அதன் கெட்டிக்காரத்தனம் பலிக்காது. நம் சமையல் உப்பின் எடையில் பாதிக்கு மேல் இந்தக் குளோரைடுதான். படலத்தில் எங்காவது ஒரு பலவீனமான புள்ளியைப் பிடித்து அது துளைக்கும். துளைக்குள் ஆக்சிஜன் போய்ச் சேராது, ஆகவே படலம் மறுபடி மூடாது. உள்ளே தேங்கும் துளித் தண்ணீர் அமிலமாகும். அமிலமான இடத்துக்கு இன்னும் குளோரைடு வந்து சேரும். அப்புறம் அந்தக் குழி தன்னைத்தானே தோண்டிக்கொண்டு போகும். சுற்றியிருக்கும் பளபளப்பான பரப்பு முழுவதும் அந்த ஒரு குழிக்கு எதிர் மின்முனையாக நின்று அரிப்பை வேகப்படுத்தும்.

சாதா இரும்பு துருப்பிடித்தால் பரவலாகப் பிடிக்கும். சிவப்பாகத் தண்ணீர் வரும், எச்சரிக்கை கிடைக்கும். எஸ்.எஸ்.ஸில் எச்சரிக்கை கிடையாது. டேங்க் முழுவதும் புதுசாக இருக்கும்போதே ஓர் ஊசித் துளை விழும்.

அறுத்துப் போட்ட சோலார் டேங்க் ஏதாவது காயலான் கடையில் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். வெளி உறையை உரித்து, சூடு காக்க ஊற்றிய மஞ்சள் பஃப் நுரையைச் சுரண்டி எடுத்தால் உள்டேங்க் கண்ணாடி மாதிரி வரும். அதைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்தால், நீளவாக்கில் ஓடும் வெல்டுக்குப் பக்கத்தில், இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி, ஒரு புள்ளி வெளிச்சம் தெரியும். அதைச் சுற்றிக் காப்பிக் கறைபோல் ஒரு வளையம். அவ்வளவுதான். முழு டேங்கும் எடைக்குப் போனது அந்த ஒரு புள்ளிக்காக.

ஏன் வெல்டுக்குப் பக்கத்தில்? வெல்டு வைக்கும் சூட்டில் தகடு அங்கே வைக்கோல் நிறமும் நீலமுமாகக் கன்றிப்போகிறது. அந்த நிறத்துக்கு அடியில் குரோமியம் குறைந்துவிடுகிறது. படலம் அங்கே வலுவாக உருவாகாது. அதை அமிலப் பசை தடவி நீக்கி, மறுபடி படலம் உருவாக விட வேண்டும். அது நேரமும் செலவும் பிடிக்கும் வேலை. சின்னப் பட்டறைகளில் ஒரு துணியால் துடைத்து, அடுத்த டேங்குக்குப் போய்விடுவார்கள். அடுத்த பலவீனம் டியூப் செருகும் துளைகள். இன்று அதிகம் விற்கும் கண்ணாடி டியூப் வகையில், 58 மில்லிமீட்டர் டியூப்பை சிலிகான் ரப்பர் வளையத்தின் வழியாக நேரே டேங்கில் செருகுகிறார்கள். 200 லிட்டர் டேங்குக்குப் பெரும்பாலும் 20 டியூப். ரப்பரும் தகடும் சந்திக்கிற 20 இடுக்குகள்; ஒவ்வொன்றிலும் சேறும் சுண்ணாம்பும் உட்கார்ந்து ஆக்சிஜனை அண்டவிடாமல் செய்யும். இந்த உலோகத்துக்கு இடுக்கைவிடப் பெரிய சோதனை கிடையாது. அப்படிப்பட்ட உலோகத்தை வைத்து இருபது இடுக்குள்ள ஒரு பொருளைச் செய்துவிட்டு, அதற்கு நூறு வருட ஆயுள் சொல்கிறோம்.

ஓட்டை விழுந்த பிறகு வெல்டு வைத்து அடைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். உள்டேங்குக்கும் வெளி உறைக்கும் நடுவே ஊற்றிய பஃப் ஒரே கட்டியாக இறுகியிருக்கும். நெருப்பைக் காட்டினால் எரியும். கசிவு முதலில் அந்த பஃப்பைத்தான் நனைக்கும். காலையில் தண்ணீர் முன்போல் சூடாக இல்லையே என்று வெயிலைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். உறையின் அடியில் சொட்டுவதைப் பார்க்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

இனி சூட்டின் பங்கு. 304 வகைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரைடு வரை, 316 வகைக்கு 1000 வரை என்று பொதுவாக ஒரு வழிகாட்டு அளவு சொல்வார்கள். அது சாதாரண வெப்பநிலையில் இருக்கும் தண்ணீருக்கு. சூடு ஏற ஏற அந்த வரம்பு இறங்கும்; இடுக்கு இருந்தால் இன்னும் இறங்கும். 50, 60 டிகிரிக்கு மேல் போனால் குழி அரிப்போடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வளைத்த இடத்திலும் வெல்டிலும் தகட்டுக்குள் ஓர் இழுவிசை தங்கியிருக்கும். குளோரைடும் சூடும் சேர்ந்தால் அந்த இடம் மயிரிழையாக விரிசல் விடும். சோலார் டேங்க் நாள்தோறும் இருப்பதே அந்தச் சூட்டில்தான். இப்போது குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-ஐப் பாருங்கள். குளோரைடு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 1000 வரை பரவாயில்லை என்கிறது அது. அதாவது மனிதர் குடிக்கத் தக்கது என்று அரசு ஒப்புக்கொள்ளும் தண்ணீரே 304 டேங்குக்கு ஆகாததாக இருக்கலாம். “நாங்க குடிக்கிற தண்ணிதானேங்க” என்று டேங்குக்குச் சான்றிதழ் வாங்க முடியாது.

மே மாதத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவோம். வெந்நீரை எடுக்க ஆளில்லாமல் இரண்டு மூன்று நாளில் டேங்க் கொதிக்க ஆரம்பித்துவிடும். ஏர் வென்ட் குழாய் வழியாக ஆவி போகும், உப்பு போகாது. குறைந்த அளவுக்கு மேல்தொட்டியிலிருந்து புதுத் தண்ணீர் தன் பங்கு உப்போடு இறங்கும். திரும்பி வரும்போது டேங்கில் இருப்பது போரில் இருந்த தண்ணீர் அல்ல, அதைவிடச் செறிவானது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஆவி பட்டுக் காயும் இடத்தில் வெள்ளைக் கோடாக உப்பு படிந்திருக்கும். அங்கே அளவெல்லாம் எந்த வரம்பையும் தாண்டிவிடும்.

“எங்க அம்மா கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடம் இன்னும் அப்படியே இருக்கே” என்பது எல்லோரும் எடுத்துப் போடும் துருப்புச் சீட்டு. இருக்கும். அந்தக் குடத்தைத் தினமும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள். அது காய்ந்தது, காற்று பட்டது, சூடேறவில்லை, அடியில் சேறு சேரவில்லை. அதே அம்மா உப்பை எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்தாரா என்று யோசித்துப் பாருங்கள். உப்புக்கும் ஊறுகாய்க்கும் பீங்கான் ஜாடிதான். உப்போடு தண்ணீர் பட்டால் எவர்சில்வரில் கறுப்புப் புள்ளி விழும் என்று அந்தத் தலைமுறைக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது. எனாமல் டேங்க் என்பது அந்த ஜாடியின் கண்ணாடிப் பூச்சை இரும்பின்மேல் சுட்டு எடுத்ததுதான். சமையலறையில் உப்புக்கு எதைக் கொடுத்தோமோ அதை மொட்டைமாடியில் மட்டும் மட்டமானது என்கிறோம்.

எந்த ஊரில் எந்தத் தண்ணீர் என்பதுதான் முழுக் கேள்வியும். கோவையில் ஒரே வீட்டில் இரண்டு தண்ணீர் வரும். பாலக்காட்டு மலையில் இருக்கும் அணையிலிருந்து வருகிற சிறுவாணி, உப்பே இல்லாத மென்தண்ணீர். அதே வீட்டுப் போரில் வருவது வாயில் வைக்க முடியாதது. இரண்டையும் ஒரே சம்ப்பில் விட்டு மேலே ஏற்றுகிற வீடுகள் ஏராளம். திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். பனியன் துணிக்குச் சாயம் ஏற்ற மூட்டை மூட்டையாகக் கொட்டிய உப்பு, சாயக்கழிவோடு பல ஆண்டுகள் நொய்யலில் இறங்கியது. ஒரத்துப்பாளையம் அணை உப்புத் தேக்கமாகவே ஆகி, 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலைமை வந்தது. அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் தென்னை வாடியதைப் பற்றி விவசாயிகள் வருடக்கணக்காகப் போராடினார்கள். தென்னையே தாங்காத தண்ணீரில் அரை மில்லிமீட்டர் 304 தாங்கும் என்று நம்புவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்தது பல காலமாகத் தெரிந்த கதை. அங்கெல்லாம் கொடுக்கும் விளம்பரத் தாளும் கோவையில் கொடுக்கும் விளம்பரத் தாளும் ஒன்றேதான். தண்ணீருக்குத் தண்ணீர் வித்தியாசம் உண்டு என்பது உத்தரவாத அட்டையில் மட்டும்தான் தெரியும். பின்பக்கம் பொடி எழுத்தில் ‘தண்ணீரின் டி.டி.எஸ். இன்ன அளவுக்கு மேல் இருந்தால் உத்தரவாதம் செல்லாது’ என்று பல அட்டைகளில் இருக்கும். வாங்கும்போது யாரும் அதைப் படித்துக் காட்டுவதில்லை, ஓட்டை விழுந்த அன்று தவறாமல் காட்டுவார்கள்.

சரி, டி.டி.எஸ். பார்த்து வாங்கினால் போதாதா? போதாது. பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணீரில் முக்கி 1200 என்று காட்டுகிறார்களே, அந்தக் கருவி தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை அளந்து, அதிலிருந்து மொத்த உப்பைக் கணக்குப் போடுகிறது. அந்த 1200-இல் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்தாக இருந்தால் டேங்கில் வெள்ளையாகப் படியும். தொல்லைதான், ஆனால் அது மட்டும் எஸ்.எஸ்.ஸைத் துளைக்காது. பெரும்பகுதி குளோரைடாக இருந்தால் படிவே தெரியாது, துளை விழும். இரண்டும் வேறு வேறு வியாதி. குளோரைடைத் தனியாக அளக்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிக் கொடுத்தால் அளந்து தருகிறார்கள். பல ஆயிரம் ரூபாய்க்கு ஹீட்டர் வாங்குகிறவர் ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு அங்கே போவதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை.

“சாஃப்ட்னர் மாட்டிட்டோம், இனி பயமில்லை” என்பவர்களும் இருக்கிறார்கள். சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுகிறது. குளோரைடைத் தொடுவதே இல்லை. படிவு நிற்கும், அரிப்பு நிற்காது. அந்த சாஃப்ட்னரை வாராவாரம் உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். கழுவிய பிறகு சரியாக அலசாவிட்டால் மிச்சக் கரைசல் நேரே டேங்குக்குத்தான் போகும். சுண்ணாம்புக்கு வாங்கிய மருந்தைக் குளோரைடுக்குக் கொடுத்தால் இதுதான் பலன்.

இதைவிடக் கொடுமை ஆசிட் வைத்தியம். டியூப்பில் சுண்ணாம்பு ஏறிச் சூடு குறைந்துவிட்டது என்று கூப்பிட்டால், சர்வீஸுக்கு வருகிறவர் கக்கூஸ் கழுவும் ஆசிட் கேனோடு மாடி ஏறுவார். டேங்கில் ஊற்றி அரைமணி நேரம் விடுவார். நுரை பொங்கும், சுண்ணாம்பு கரையும், தண்ணீர் சுடும். வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி. ஊற்றியது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குளோரைடும் அமிலமும் சேர்ந்து ஒரே கேனில். எஸ்.எஸ்.ஸை அழிக்க வேண்டும் என்று ஒரு ரசாயனத்தைத் தேடினால் முதலில் கையில் கிடைப்பது அதுதான். சிட்ரிக் அமிலமோ சல்ஃபாமிக் அமிலமோ கலந்து ஊற்றினால் வேலை மெதுவாக நடக்கும், டேங்க் பிழைக்கும். அப்படிச் செய்கிற ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

316 வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், பாதி தீரும். இரண்டு சதவீதத்துக்கு மேல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் அது குளோரைடை இன்னும் நன்றாகத் தாங்கும். நடுத்தர உப்புள்ள தண்ணீருக்கு, வெல்டை ஒழுங்காகச் சுத்தம் செய்திருந்தால், நல்ல தேர்வு. விலையும் அதற்கேற்ப ஏறும். விலை ஏறும்போது ஏமாற்றுவதற்கான ஆசையும் ஏறும். 304-க்கும் 316-க்கும் கண்ணால் வித்தியாசம் கிடையாது. ஆலைச் சான்றிதழைக் கேட்டு வாங்காமல் 316 என்று ஸ்டிக்கர் ஒட்டியதற்குக் காசு கொடுப்பது வீண்.

இப்போது அந்த இரும்பு டேங்குக்கு வருவோம். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் டேங்கைச் செய்து, உள்ளே கண்ணாடித் தூள் குழம்பைப் பூசி, 800 டிகிரிக்கு மேல் உலையில் சுடுவார்கள். குழம்பு உருகி இரும்போடு ஒட்டிக் கண்ணாடியாகும். குளோரைடு எவ்வளவு இருந்தாலும் கண்ணாடிக்குக் கவலையில்லை. அமெரிக்காவில் 1930களிலேயே வீட்டு வாட்டர் ஹீட்டருக்கு இந்த முறை வந்துவிட்டது. குளிர் நாடுகளில் கேஸிலும் கரண்டிலும் ஓடும் பெரிய ஹீட்டர்களில் பெரும்பகுதி எனாமல் டேங்க். நம் குளியலறையில் தொங்கும் கரண்ட் கீசரிலேயே ‘கிளாஸ் லைன்டு’ என்று போட்டு விற்கிறார்கள். அதைப் பெருமையாக வாங்குகிறோம். மாடிக்குப் போனதும் அதே பூச்சு மட்டமாகிவிடுகிறது!

எனாமலின் எதிரிகள் சொல்வதில் நியாயமும் உண்டு. கண்ணாடி என்றால் விரிசல் விழும். லாரியில் ஏற்றி இறக்கும்போது இடித்தால் சில்லு தெறிக்கும். உலையிலிருந்து வரும்போதே ஊசிமுனை இடைவெளிகள் சில இருக்கும். இது செய்கிறவர்களுக்கும் தெரியும். அதனால்தான் உள்ளே ஒரு மக்னீசியம் கம்பியை வைக்கிறார்கள். ஆனோடு ராடு என்பார்கள். மக்னீசியம் இரும்பைவிடச் சுலபமாக அரியும். எங்கே இரும்பு தண்ணீரைத் தொட்டாலும் அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு கம்பி கரையும். கம்பி கரைந்து தீரும்வரை இரும்புக்கு ஆபத்தில்லை. தீர்ந்த பிறகுதான் சிக்கல். உப்பு அதிகமுள்ள தண்ணீரில் அது சீக்கிரம் கரையும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, நடுக்கம்பி தெரிய ஆரம்பித்தால் மாற்றிவிட வேண்டும். புது டேங்க் விலையோடு ஒப்பிட்டால் கம்பி விலை சொற்பம். நம் ஊரில் எனாமல் டேங்குக்குக் கெட்ட பெயர் வந்ததே இங்கேதான். அப்படி ஒரு கம்பி இருக்கிறது என்று வாங்குகிறவருக்கு யாரும் சொல்வதில்லை. சில டேங்குகளில் அதைக் கழற்ற வேண்டுமென்றால் பக்கத்துச் சுவரை இடிக்க வேண்டும், அப்படி மாட்டியிருப்பார்கள். ஆறு வருடம் யாரும் திரும்பிப் பார்க்காமல் டேங்க் துருப்பிடித்தால், “நான் அப்பவே சொன்னேன், இரும்பு இரும்புதான்” என்று எஸ்.எஸ். கட்சிக்கு ஓர் ஓட்டு கூடிவிடும்.

இன்னொரு குறையையும் மறைக்கக் கூடாது. மக்னீசியம் வேலை செய்யத் தண்ணீர் ஓரளவு மின்சாரம் கடத்த வேண்டும். சிறுவாணி மாதிரி உப்பற்ற தண்ணீரில் கம்பி சோம்பேறியாகிவிடும், அங்கே எஸ்.எஸ்.ஸே மேல். சில கிணற்றுத் தண்ணீரில் உள்ள பாக்டீரியாவோடு மக்னீசியம் சேர்ந்தால் வெந்நீரில் அழுகிய முட்டை நாற்றம் வரும். கம்பியை அலுமினியம்–துத்தநாகக் கலவைக்கு மாற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

கடையில் ‘செராமிக் கோட்டிங்’, ‘கிளாஸ் கோட்டிங்’ என்று நீல நிறத்தில் காட்டுவதெல்லாம் எனாமல் அல்ல. சிலவற்றில் இருப்பது 200 டிகிரி அளவில் சுட்ட பிளாஸ்டிக் பவுடர் பூச்சு. வெந்நீரில் நாளாக ஆகக் கொப்புளித்து உரியும். அதைப் பார்த்து எனாமலைத் திட்டுவது நியாயமில்லை. உலையில் எத்தனை டிகிரியில் சுட்டது, ஆனோடு இருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்பவரின் முகத்திலேயே பாதி தெரிந்துவிடும். ஆனோடு இல்லாத எனாமல் டேங்கைத் தொடவே வேண்டாம்.

மற்ற வகைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜி.ஐ. டேங்கில் துத்தநாகப் பூச்சு குளிர்ந்த தண்ணீரில் இரும்பைக் காக்கும். 60 டிகிரிக்கு மேல் சில தண்ணீரில் அந்த உறவே தலைகீழாகி இரும்பு அரிய ஆரம்பிக்கும். தாமிர கலெக்டரோடு அதைச் சேர்த்தால் இன்னும் மோசம். தாமிர டேங்க் அருமையானது, இன்றைய விலைக்கு அரிதாகத்தான் செய்கிறார்கள். பிளாஸ்டிக் உள்டேங்குக்குக் குளோரைடு பயமில்லை, ஆனால் கண்ணாடி டியூப்போடு அது கொதிக்கும்போது பெரும்பாலான பிளாஸ்டிக் இளகும்.

“எஸ்.எஸ். பலமானது” என்ற இன்னொரு வாதத்துக்கும் ஒரு வார்த்தை. அந்த மெல்லிய தகடு அழுத்தத்தைத் தாங்கச் செய்ததல்ல. டேங்கின் தலையில் இருக்கும் ஏர் வென்ட் குழாயில் சுண்ணாம்பு அடைத்துக்கொண்டு, மேல்தொட்டியும் காலியாகி, கீழே யாராவது வெந்நீர்க் குழாயைத் திறந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். டேங்க் மிதித்த பால் பாக்கெட் கணக்காகச் சப்பிப்போகும். பிரஷர் பம்பை நேரே கொடுத்தால் எதிர்ப்பக்கமாக உப்பி வெல்டு விடும். இரண்டு மில்லிமீட்டர் இரும்பு இந்த விளையாட்டுக்கெல்லாம் அவ்வளவு சுலபமாக வளையாது.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதே என்பார்கள். டியூப் நேரடியாகச் செருகும் டேங்குகளுக்கென்றே ஐ.எஸ். 16542 என்று 2016-இல் தரம் வந்திருக்கிறது. நல்ல விஷயம், முத்திரை பார்த்தே வாங்குங்கள். அது டேங்க் எப்படிச் செய்யப்பட்டது என்பதற்குச் சாட்சி. உங்கள் போரில் என்ன வருகிறது என்று அதற்குத் தெரியாது.

மிக உப்பான தண்ணீர்தான் கதி என்று இருப்பவர்களுக்கு இன்னொரு அமைப்பு இருக்கிறது. டேங்கில் நிற்கும் தண்ணீர் மாறாமல் அப்படியே இருக்கும். குளிக்கும் தண்ணீர் அதற்குள் ஓடும் காயில் என்ற சுருள் குழாய்க்குள் போய்ச் சூடாகி வரும். டேங்கை ஒருமுறை மழைநீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ ஊற்றி நிரப்பிவிட்டால், ஆவியாகிக் குறைவதை மட்டும் அதே தண்ணீரால் ஈடுகட்டினால் போதும். அங்கே 304 தகடே நிம்மதியாக இருக்கும். சுண்ணாம்பு உள்ள தண்ணீரில் காயில் அடைக்கும், அதற்கு அவ்வப்போது சிட்ரிக் அமிலம் விட வேண்டும். தண்ணீர் வேகமாக வரப் போதிய அழுத்தமும் வேண்டும். ஆனாலும் அடைத்த காயிலைத் திறந்துவிடலாம், துளைவிழுந்த டேங்கை மூட முடியாது.

இதற்கெல்லாம் முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 200 லிட்டர் டேங்குக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது அதிகம் போனால் 200 லிட்டர்தான். கோவையிலும் இன்னும் பல ஊர்களிலும் மாநகராட்சித் தண்ணீர் அந்த அளவுக்காவது வருகிறது. மாடியில் அதற்கென்று ஒரு சின்னத் தொட்டியை வைத்து, சோலாருக்குப் போகும் குழாயை மட்டும் போர் தொட்டியிலிருந்து பிரித்து அதில் கொடுத்துவிட்டால், இப்போது மாடியில் இருக்கும் எஸ்.எஸ். டேங்கே பல வருடம் கூடுதலாக உழைக்கும். ஒரு பிளம்பருக்கு ஒரு நாள் வேலை.

புதிதாக வாங்குகிறவர்கள் பில்லில் நான்கு விஷயங்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: உள்தகட்டின் வகை, அதன் தடிமன் மில்லிமீட்டரில், 60 டிகிரியில் அது தாங்கும் குளோரைடு அளவு, எனாமலாக இருந்தால் ஆனோடு மாற்ற வேண்டிய மாதம். மூன்றாவதை எழுதித் தரக் கடைக்காரர் தயங்குவார். அவருக்குத் தெரியாததால் தயங்குகிறார் என்றால் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். காத்திருக்கலாம், சோலார் ஹீட்டர் இன்றைக்கே வாங்கியாக வேண்டிய பொருள் இல்லை.